கிணறு பயன்பாட்டில் உள்ளதா?

பிப்ரவரி 5, வியாழன்

காலையிலேயே வெயில். சிங்கவரம் சாலையில் நில ஆய்வு. விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்றக் கேட்டு மனு. உரிமையாளர் சென்னையில். வாங்கப்போகும் மனைக் கம்பெனியின் ஆள் பாபு மட்டும் வந்திருந்தார். ஏலக்காய் மென்றபடி.

கருவேல முள், பீர் பாட்டில்கள். மூலையில் கிணறு.

"பாழுங் கிணறு சார். மூடிட்டு பார்க் போடறோம். எல்லா மனையிலருந்தும் கோட்டை தெரியும்."

இந்த ஊரில் எங்கிருந்துதான் தெரியாது.

படிவத்தில் ஒரு கேள்வி: கிணறு பயன்பாட்டில் உள்ளதா? 'ஆம்' என்றால் நிலத்தை மாற்ற அனுமதி கிடைக்காது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது. மோட்டாரும்.

பக்கத்தில் மல்லாட்டைக் காடு; வேர்க்கடலைக்கு இங்கே அந்தப் பெயர். அங்கிருந்து ஒரு பெண் வரப்பேறி வந்தார். செல்வி. நாற்பதுக்கு மேல் இருக்கும்.

"யாருதுய்யா பாழுங் கிணறு? பாதிப் பங்கு என்னுது. பத்திரத்துல இருக்குது. செவ்வாயும் வெள்ளியும் எங்க முறை. அன்னிக்கு வந்து பாரு சார், தண்ணி ஓடுதா இல்லியான்னு."

பாபு சிரித்தார். "அக்காவுக்கு எப்பவும் டென்ஷன்."

"நீ காரெடுத்துனு வந்த நாள்லருந்துதான்."

மாலை தலைவலி. வாங்க வேண்டியது: சோப்பு, கொசுவத்தி, ரீஃபில். வாங்கவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

தனியாகப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. செல்வி மண்வெட்டியோடு மடை மாற்றிக்கொண்டிருந்தார். காடு முழுக்கச் சின்ன மஞ்சள் பூ.

"இனிமேதான் பூவுலருந்து விழுது மண்ணுல எறங்கும். இப்போ தண்ணி தப்புச்சுன்னா கொட்ட கெடையாது, தழைதான்."

படம் எடுத்தேன். ஒரு கிணற்றைக் காப்பாற்றப் போகிறேன் என்ற சிறு பெருமிதம். கல்லூரிக் கட்டுரையில் எழுதிய சொற்கள் வரிசையாக வந்தன. எழுதும்போதே கூச்சம்.

பிப்ரவரி 12, வியாழன்

அம்மா போன். யாரோ பெண், யாரோ ஜாதகம். பார்க்கலாம் என்றேன்.

மதியம் செல்வி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"எழுதிட்டியா சார்?"

"இன்னும் இல்லக்கா."

"ஓடலன்னு எழுதிடு."

பாபு நேற்று இவர் வீட்டுக்கே போயிருக்கிறார். கிணற்றுப் பங்கை விட்டுக்கொடுத்தால் ரோட்டோரம் ஒரு மனை. நிலம் குடியிருப்பாக மாறினால்தான். இல்லையென்றால் ஒன்றுமில்லை.

"அப்ப உங்க காடு?"

"மழைய பாத்துனு கெடக்கட்டும். ஒரே ரூமு சார். பையனுக்குக் கல்யாணம் ஆனா நானும் அவரும் எங்க படுக்கறது, பஸ் ஸ்டாண்ட்லயா? இத்தினி வருசம் மல்லாட்ட போட்டு இன்னா மாளிகையா கட்டிட்டேன்?"

"தண்ணி ஓடறத நான் பாத்துட்டேனே. பாத்ததைத்தான் எழுத முடியும்."

"பாத்ததத்தான் எழுதுவியா?"

"ஆமா."

"சரி."

போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

அறிக்கை எழுதவில்லை. திறப்பது, மூடுவது. உண்மையை எழுதினால் அவருக்கு வீடில்லை. பொய் எழுதினால் கிணறில்லை. கிணறு வேண்டும் என்பவன் இப்போது நான் மட்டும்தானோ.

மேலதிகாரி மேடம் சத்தம்: "அந்தச் சிங்கவரம் ஃபைல் என்ன, முட்டை போட்டு அடைகாக்கறியா? மாசக் கடைசிக்குள்ள இன்னொரு தடவ போய்ப் பாத்துட்டு முடி."

இரவுக்கு இட்லி. சட்னி புளித்திருந்தது. சாப்பிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

அவருடைய முறை என்று தெரிந்தேதான் போனேன். மோட்டார் சத்தம் இல்லை. வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. செல்வி குனிந்து செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வரப்பில் கட்டுக்கட்டாகத் தழை.

"மோட்டார் ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருக்குது. நாந்தான் போடல. நீ படம் புடிச்சினு போனியே, அதுக்கப்புறம் ஒரு முறை கூட."

"இதெல்லாம்?"

"ஆட்டுக்கு."

ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தேன். விழுதுகள் மண்ணுக்குள் இறங்காமலே கருகியிருந்தன.

"இப்போ எழுது சார். பாத்தத."

கிணற்றில் தண்ணீர் முன்னைவிட மேலே நின்றது. அதைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.

பைக் சீட்டில் வைத்து, 'இல்லை' என்று எழுதினேன்.

கையைப் புடவையில் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"அவ்ளோதானா?"