எதிர்க்கடைத் தேன்

மே 4, ஞாயிறு

இன்றைக்கு வந்த இரண்டு வியாபாரத்தையும் என் வீட்டுக்காரர் கெடுத்தார்.

முதலில் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று. அந்த அம்மா மிளகைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்க தோட்டத்து மிளகுங்களா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து இவர், "எங்களுக்குத் தோட்டமே இல்லீங்க. நாங்க மலைக்குக் கீழ முள்ளுக்குறிச்சி ஊரு. மிளகு மலையில வாங்குனது" என்கிறார். அந்த அம்மா மிளகைத் திரும்பக் கொட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் ஒரு பெரியவர். முடவாட்டுக்கால் கிழங்கு வேண்டும், மூட்டுவலிக்கு நல்லதாமே என்றார். மலைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இவர் சொல்கிறார்: "சூப்பு நல்லா இருக்குங்க. வலி போகுமான்னு எனக்குத் தெரியாது."

ஆறு வருஷம் இவர் இஸ்ரேலில் இருந்தார். ஜெருசலேமில் நடக்க முடியாத ஒரு யூதத் தாத்தாவுக்குத் துணையாள் வேலை. அந்த ஆறு வருஷமும் இந்த அருவி ரோட்டுக் கடையை ஒற்றை ஆளாக நடத்தியவள் நான். தாத்தா காலமாகிவிட்டார், இவர் திரும்பி வந்துவிட்டார். தாத்தாவையும் கூடவே கூட்டி வந்துவிட்டார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

மே 6, செவ்வாய்

நேராகவே கேட்டேன். "ஏனுங்க, அந்தத் தாத்தா உங்களுக்குச் சம்பளம் குடுத்தாரா, இல்ல சாமியாரா ஆக்கி அனுப்புனாரா?"

சிரித்தார். தாத்தா காலத்தில் தானியமும் மசாலாவும் விற்றவராம். தினமும் மதியம் ஒரு பெரிய புத்தகத்தைப் பிரித்து வைத்துச் சத்தமாகப் படித்து இவருக்கும் அர்த்தம் சொல்வாராம். அவர்கள் வேதத்தில் 'ஒருத்தரை ஒருத்தர் வஞ்சிக்காதே' என்று கிட்டக்கிட்டவே இரண்டு இடத்தில் வருகிறதாம். முதலாவது விற்பது வாங்குவதில் ஏமாற்றுவது. இரண்டாவது பேச்சால் நோகடிப்பது. இரண்டாவதுதான் பெரிய பாவமாம். பணம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், பேச்சை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடை வாடகையைத் தாத்தாவா கொடுப்பார்?

மே 10, சனி

இன்னொன்று தெரிந்தது. வாங்குகிற எண்ணம் இல்லாமல் ஒரு பொருளின் விலையைக் கேட்கக் கூடாதாம். கடைக்காரன் ஆசையோடு பதில் சொல்வான், அந்த ஆசையை ஏமாற்றுவதும் பேச்சால் செய்கிற தப்புதானாம்.

இந்தச் சட்டத்தை அருவி ரோட்டில் போர்டாக எழுதி வைக்கலாம். காலையிலிருந்து விலை கேட்டவர்கள் ஒரு பஸ் நிறைய இருப்பார்கள். வாங்கினவள் ஒருத்தி, அதுவும் ஒரு நெல்லிக்காய் ஊறுகாய்.

அதிசயம், தாத்தாவும் நானும் ஒரே கட்சி.

மே 17, சனி

தனபால் வந்தான். ராசிபுரத்திலிருந்து டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். அவன் எந்தக் கடையில் நிறுத்துகிறானோ, மற்ற டிரைவர்களும் அங்கேதான் நிறுத்துவார்கள்.

டீயைக் குடித்துக்கொண்டே, "ஏனுங்க்கா, எதிர்க்கடைத் தேன் சர்க்கரைப் பாகுன்னு ஒரு பார்ட்டி சண்டைக்கு வந்துட்டாங்க. நெசமா?" என்றான்.

எதிர்க்கடை பூங்குழலியுடையது. இந்த மலைக்காரப் பெண். புருஷன் லாரிக்குப் போய்விடுகிறான், முன்பு நான் நடத்தியது போல அவளும் தனியாகத்தான் கடை நடத்துகிறாள்.

நான், "அவளப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்ப்பா" என்றேன். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

மே 18, ஞாயிறு

என்ன கூட்டம். வேன் மேல் வேன். தேன் பாட்டில் எல்லாம் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. இவர் தராசை விட்டு நகரவில்லை. தாத்தாவை நினைக்கக்கூட இன்றைக்கு அவருக்கு நேரமில்லை.

மே 21, புதன்

நினைத்துவிட்டார்.

"எல்லா வேனும் நம்ம கடையிலயே நிக்குதே, ஏன் விமலா?" என்றார். தனபால் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன். மறைக்க அதில் என்ன இருக்கிறது?

"தாத்தா புத்தகத்துல அதுக்குத் தூசுன்னு பேரு" என்றார்.

கெட்ட பேச்சு பேசுவது ஒன்று. பேசாமலே அந்தப் பேச்சின் தூசைக் கிளப்பிவிடுவது இன்னொன்றாம். 'அவரைப் பற்றி என்னிடம் கேட்காதே' என்று சொன்னால், கேட்கிறவன் என்ன நினைத்துக்கொள்வான் என்று தெரிந்துதானே சொல்கிறோம். அதுவும் கணக்கில் வருமாம்.

வாயைத் திறந்தால் தப்பு. மூடினாலும் தப்பா? அப்புறம் மனுஷி எப்படித்தான் இருக்கிறது? ஊரில் அவனவன் என்னவெல்லாமோ பேசிக்கொண்டு நன்றாக இருக்கிறான். பேசாமல் இருந்த என்னைப் பிடித்துக்கொண்டு—

சோறு போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் வந்துவிட்டேன்.

மே 24, சனி

எழுதவே கை வரவில்லை.

கடை நிறைய ஆள். தனபால் இரண்டு வேன் ஆட்களோடு வந்திருந்தான். ஒரு பெண் தேன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதாவது அசல்தானே? எதிர்க்கடையில கலப்படம்னு டிரைவர் சொன்னாரு" என்றாள். இவர் தராசைக் கீழே வைத்தார். எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "விமலா, அவங்க தேன்ல உனக்குத் தெரிஞ்சு என்ன தப்பு? சொல்லு" என்றார்.

நான் தேன் அடுக்கை நேராக்க ஆரம்பித்தேன்.

"ஒண்ணுமில்லையில்ல? ரெண்டு கடைக்கும் தேன் குடுக்கறது திருப்புலி நாட்டு ஊர்ச் செல்லமுத்துதான். அது உனக்கும் தெரியும். அன்னிக்கே தனபால்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பெண் பாட்டிலை மெதுவாக வைத்தாள். தனபால் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். எனக்குக் காது இரண்டும் எரிந்து, அப்புறம் கையெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. உள்ளே போய் ராகி மூட்டைக்குப் பின்னால் நின்றேன். இத்தனை வருஷம் இந்தக் கடையில் யாரும் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டதில்லை.

மே 25, ஞாயிறு

பேசவில்லை.

மே 26, திங்கள்

பேசினேன்.

"உங்க தாத்தா புத்தகத்துல பொண்டாட்டிய நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சுக் கேக்கலாம்னு போட்டிருக்குதுங்களா? தூசு தூசுன்னீங்களே, முந்தாநாள் நீங்க எம்மேல கொட்டுனது என்னங்க? தூசா, மண்ணா?"

அவர் நிமிர்ந்தார். முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே அடி வாங்கின மாதிரி இருந்தது. "போட்டிருக்குது" என்றார்.

"என்னன்னு?"

"ஒருத்தரைச் சபையில வெக்கப்பட வெக்கறது ரத்தம் சிந்தற மாதிரின்னு. முகத்துல சிவப்புப் போயி வெளுப்பு வருதில்ல, அது அந்த ரத்தம்தான்னு தாத்தா சொல்வாரு. அந்தப் பக்கம் வந்தா மறுபடியும் ஒரு தடவை படிப்பாரு."

"அப்பத் தெரிஞ்சேதான் செஞ்சீங்க."

"ஞாயமாப் பேசறோம்னு நெனச்சு, அத மறந்துட்டேன்."

எனக்குத்தான் ஜெயம். ஆனால் சந்தோஷமாக இல்லை. தனபாலிடம் அப்படிச் சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாதா என்ன? ஒரு இழுப்பு இழுத்தேன். முகத்தைக்கூடக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன்.

மே 28, புதன்

இந்த மனுஷனை என்ன செய்வது. நாலு பேர் முன்னால் செய்ததற்கு நாலு பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கடைக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு, "சனிக்கிழமை என் சம்சாரத்த நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தனியாக் கேட்டிருக்கணும். தப்பு என்னோடது" என்கிறார். எல்லாரும் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சனிக்கிழமைகூட இவ்வளவு கூச்சமாக இல்லை. தயவு செய்து உள்ளே வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

ஆனால் அவர் இதோடு எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. 'ஆனா நீயும்' என்று ஆரம்பிக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

மே 31, சனி

சீசன் சனிக்கிழமையில் பூங்குழலி கடை திறக்கவில்லை. இப்படி நான் பார்த்ததே இல்லை. செல்லமுத்து தேன் டின்னை இறக்கி வைத்துவிட்டு, "அந்தப் புள்ள இனிமே வேண்டாம்னுட்டாளுங்க. கடைய விட்டுட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போறாளாம்" என்றான்.

இவர் காதிலும் விழுந்தது. என்னைப் பார்க்கவில்லை. ராகி மாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜூன் 1, ஞாயிறு

போனேன். அவள் வீடு கடைக்குப் பின்னால்தான். பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க்கா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

தனபால் கேட்டதைச் சொன்னேன். "நான் உன்னப் பத்தி ஒண்ணும் தப்பாச் சொல்லல, பூங்குழலி. ஆனா—"

"தெரியுங்க்கா. தனபாலே சொன்னான். நீங்க ஒண்ணும் சொல்லலைன்னு." ஒரு தட்டை எடுத்துத் துடைத்தாள். "அதத்தான் நானும் கேக்கறேன். ஏனுங்க்கா ஒண்ணும் சொல்லல? ரெண்டு பேருக்கும் ஒரே டின்னுதானே. நல்ல தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சிருக்கும்?"

கொறஞ்சிருக்கும். வியாபாரம் கொறஞ்சிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. இதை அவளிடம் அப்படியே சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அவள் கை நின்றது. "சரி, போங்க்கா" என்றாள்.

மன்னித்தாளா, இல்லையா? போகச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஜூன் 2, திங்கள்

தனபாலைப் பிடித்து நிறுத்தினேன். "அவ தேனும் என் தேனும் ஒண்ணு. நல்ல தேன். அன்னிக்கு நான் பொறாமையில இழுத்துப் பேசுனேன். யார் யார்கிட்ட சொன்னியோ அவங்ககிட்ட எல்லாம் இதையும் சொல்லு."

"ஏனுங்க்கா, நீங்களும் அண்ணனும் சேந்து கடைய இழுத்து மூடப் போறீங்களா?" என்று சிரித்தான்.

"சொல்றியா, இல்லையா?"

"சொல்றேன், சொல்றேன்."

சொல்வானா என்று தெரியவில்லை. அதனால் அருவிப் பக்கம் வேன் நிற்கிற இடத்துக்கே போய், இருந்த டிரைவர்களிடம் நானே சொன்னேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். இந்த வீட்டில் இரண்டு பைத்தியம்.

ஜூன் 8, ஞாயிறு

பூங்குழலி திருப்பூருக்குப் போகவில்லை; எதிர்க்கடை திறந்திருக்கிறது, வேன்கள் அங்கேயும் நிற்கின்றன. எனக்குப் பாதி வியாபாரம்தான். என் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மதியம் பூங்குழலி ரோட்டைத் தாண்டி வந்து, கடைக்கு வெளியிலேயே நின்று, "செம்மேடு வரைக்கும் போயி மாத்திரை வாங்கியாரணும். கடையப் பாத்துக்கறீங்களா?" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை. எங்கள் கடையை இவரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

அவள் முக்காலி உயரம் குறைச்சல், முழங்கால் மடங்கவில்லை. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தேடுவதற்குள் ஒரு கரூர்க் குடும்பம் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் விலை கேட்டார்கள். எரிச்சலை அடக்கிக்கொண்டு சொன்னேன். கடைசியில் அந்த ஆள் தேனைக் காட்டி, "இது நம்பி வாங்கலாமா? இல்ல, எதிர்ல இருக்கற கடையில பாக்கலாமா?" என்றார்.

எதிரில் இவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். அங்கே ஒரு ஆள் இல்லை.

"நம்பி வாங்கலாமுங்க. நல்ல தேன். எதிர்க்கடையிலயும் இதேதான், வெலையும் ஒண்ணுதான்" என்றேன்.

பூங்குழலி கடையிலேயே வாங்கிக்கொண்டு போனார்கள். பூங்குழலி திரும்பி வந்ததும் பணத்தைக் கையில் கொடுத்தேன். தேன் அடுக்கைப் பார்த்தாள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த எங்கள் கடையைப் பார்த்தாள்.

"உங்க கடைய விட என் கடையில நல்லா விக்கறீங்க" என்றாள். குரலில் கோபம் இன்னும் கொஞ்சம் இருந்தது. "டீ வெக்கறேன். குடிச்சிட்டுப் போங்க்கா."