கூப்பிட எறிந்த நட்டு

என்னங்க,

காது கேளாத ஒரு பெண்ணின் இரண்டு விரல்களை இங்கே நசுக்கிவிட்டார்கள். நான் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இயந்திர இரைச்சலில் குரல் எடுபடாது என்று, எங்கள் மேஸ்திரி ஆளைக் கூப்பிட முதுகில் இரும்பு நட்டை எறிவார். நாங்களும் பழகித் தொலைத்துவிட்டோம். நேற்று புதிதாக வந்த அந்தப் பெண்மேல் எறிந்தார். அவள் திடுக்கிட்டுத் திரும்பியதும் தகடு அழுத்தும் இயந்திரம் கையைக் கவ்விக்கொண்டது. என் முகமெல்லாம் அவள் ரத்தம்.

"செவிட்டையெல்லாம் யாரு வேலைக்கு எடுத்தது?" என்று கத்தினார்.

"கண்ணிருந்தும் பாக்காதவனை யாருடா மேஸ்திரியாக்கினது?" என்று கேட்டு, அதே நட்டைக் கைக்குள் இறுக்கி அவர் வாயில் குத்தினேன். பல் தெறித்தது. எனக்குக் கையில் லேசான வீக்கம்தான். இடது கையால் எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பார்த்துப் பதறாதீர்கள்.

மன்னிப்புக் கேட்டால்தான் வேலையாம். கேட்க மாட்டேன். மேலாளர் ஒவ்வோர் இயந்திரத்தின் மேலும் கூப்பிடும் விளக்கு மாட்ட வேண்டும். மேஸ்திரி நடந்து வந்து முகத்துக்கு முன்னால் நின்று பேச வேண்டும். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாளை சாட்சி சொல்ல வேண்டும். நீங்கள், "போனால் போகிறது, கேட்டுவிடு" என்று எழுதாமல், என் கைக்கட்டுக்கு உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்ப வேண்டும், துவைக்காமல்.