அலமாரிக்குள் வைத்த செடி

அன்பு மகனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நான் நலம் என்று எழுதினால் நீ நம்புவதில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்: இடுப்பெலும்பில் வலி இருக்கிறது, ஆனால் படி ஏறவிடாத வலி இல்லை. வேளைக்குப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, அப்பாவோடு சண்டை போடும் தெம்பும் இருக்கிறது. நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்ல நினைத்ததைத்தான் எழுதுகிறேன். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், உன்னைத் தேற்றுவதிலேயே பேச்சு முடிந்துபோகிறது.

சின்ன வயதில் நீ என்னிடம் கேட்ட ஒரு கேள்வி இந்த வாரம் முழுக்க என் கூடவே சுற்றிக்கொண்டிருக்கிறது. வகுப்பில் காட்டுவதற்காக ஒரே மாதிரி இரண்டு தொட்டிச் செடி வளர்த்தேனே, நினைவிருக்கிறதா? ஒன்றை ஜன்னலோரம் வைத்தேன், மற்றதைத் துணி அலமாரிக்குள் வைத்து மூடினேன். நீ அலமாரிக்கு முன்னால் நின்று, "அந்தச் செடி என்னம்மா தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டாய். வெளிச்சம் கிடைக்காவிட்டால் இலை வெளுத்துப்போகும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டாமா, அதற்கு ஒரு செடியாவது உள்ளே இருக்க வேண்டாமா என்று விளக்கினேன். பெரிய மனிதன் போலத் தலையாட்டிவிட்டு, நான் பள்ளிக்கூடம் போனதும் தினமும் அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, நான் வருவதற்குள் மூடியிருக்கிறாய். வகுப்பில் கொண்டுபோய் வைத்தால் இரண்டும் ஒரே பச்சை. "டீச்சர், இருட்டுல வச்சாலும் ஒண்ணும் ஆகாது போல இருக்கே" என்று முதல் பெஞ்சில் இருந்த பெண் கேட்டாள். எனக்கு முகம் போன இடம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உன்னைத் திட்ட வாயெடுத்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் திட்ட வரவில்லை.

இப்போது நான் இருக்கும் இந்த மருந்து ஆய்வைப் பற்றி நீ கேட்பதும் அதே கேள்விதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் எடுத்ததும், "வயிறு எப்படிம்மா இருக்கு, வாய்ல புண் ஏதாவது வந்துச்சா" என்கிறாய். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன் என்றால் உன் குரல் சுருங்கிப்போகிறது. உலகத்திலேயே பெற்றவளுக்கு வயிற்றுப்போக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் பிள்ளை நீ ஒருவன்தான் என்று அப்பா சிரிக்கிறார். புது மருந்து என்றால் தொந்தரவு வரும், தொந்தரவு இல்லையென்றால் எனக்குக் கிடைப்பது மருந்தே இல்லாத டம்மி மாத்திரை, அதனால் ஆய்வை விட்டு வெளியே வந்து உன்னிடம் வந்துவிட வேண்டும், இதுதானே உன் கணக்கு? போன ஞாயிறு, "உன்னை அலமாரிக்குள்ள வச்சிட்டாங்கம்மா" என்றே சொல்லிவிட்டாய்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. சம்மதக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உன் கேள்வியை நான் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். "இதுல அலமாரிக்குள்ள போற செடி யாரு டாக்டர்?" என்றேன். செடிக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவர் சொன்னார்: "யாரையும் இருட்டுல வைக்கல டீச்சர். ரெண்டு செடியும் ஜன்னல்லதான் இருக்கு. ஒண்ணுக்கு மட்டும் கூடுதலா ஒரு உரம் போடறோம், எந்தச் செடிக்குப் போடறோம்னு எனக்கே தெரியாது." அதாவது, என்னைப் போல மார்பகப் புற்றுநோய் எலும்புக்கும் ஈரலுக்கும் போன எல்லோருக்கும் வழக்கமான ஹார்மோன் மாத்திரை உண்டு, அதை யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. அதோடு சேர்த்துக் கொடுக்கும் இரண்டாவது மாத்திரைதான் சிலருக்குப் புது மருந்து, சிலருக்கு டம்மி. பாட்டிலும் ஒன்று, நிறமும் ஒன்று, யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் பிரித்துவிடுகிறது. இரண்டு மருந்து சேர்ந்தால் ஒன்றைவிட நல்லது என்று நீ முடிவே கட்டிவிட்டாய். நல்லதா என்று தெரியாததால்தானே இத்தனை பாடு? ஒரே வகுப்புக்கு இரண்டு நல்ல ஆசிரியர்களை ஒன்றாக அனுப்பிப் பார், சில நாள் பிள்ளைகள் இரண்டு மடங்கு படிப்பார்கள், சில நாள் சத்தம் மட்டும் இரண்டு மடங்காகும். அனுப்பிப் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது.

இவ்வளவு தெரிந்தவள் நான், அப்படியும் தடுமாறினேன். அதைத்தான் சொல்ல வந்தேன். ஆஸ்பத்திரியில் எங்கள் வரிசை நாற்காலிகளில் பரீட்சை ரிசல்ட் வந்த நாள் போலத்தான் பேச்சு இருக்கும். "உங்களுக்குப் புண் வந்துச்சா? எனக்கு வந்துடுச்சு" என்று ஒருத்தி சொன்னால் அவள் பாஸ், வராதவள் ஃபெயில். எங்களில் முதல் ரேங்க் நான் போனில் சொல்லியிருக்கும் தையல்காரி. உன் வயதுதான் இருக்கும், என் ஜாக்கெட்டுகளை எல்லாம் இப்போதைய உடம்புக்குத் தகுந்தபடி பிடித்துக் கொடுத்தவள். வாயெல்லாம் புண், தண்ணீர் குடித்தாலே கண் கலங்கும், ஆனால் முகத்தில் ஒரு பெருமை. நீ போனில் அழுததை அவளிடம்தான் சொன்னேன், வேறு யாரிடம் சொல்வேன்? அது போன மாதம். போன செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் என்னை ஒதுக்கிக் கூட்டிப்போய், பட்டன் போட்டு வைக்கும் குட்டி டப்பா ஒன்றை என் கையில் வைத்து அழுத்தினாள். உள்ளே மாத்திரைகள்.

"வச்சுக்குங்க டீச்சர், யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த ரெண்டாவது மருந்துல தினம் சாப்பிடற ரெண்டுல ஒண்ணை எடுத்து வச்சேன். எனக்கு ஒண்ணே போதும். உங்களுக்குத்தான் நெஜமான மருந்து இல்லையே" என்றாள். மிச்சம் இருந்தால் பாட்டிலோடு திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆய்வு நர்ஸ் எண்ணிப் பார்ப்பார். இவள் மிச்சத்தை டப்பாவுக்கு மாற்றிவிட்டுப் பாட்டிலைக் காலியாகக் கொடுத்திருக்கிறாள். நான் உடனே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் உன் குரல்தான் காதில். ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு, புண் வந்துவிட்டது கண்ணா, நீ நிம்மதியாக இரு என்று உன்னிடம் சொல்லலாமே என்றுகூட நினைத்தேன்.

வீட்டில் அப்பா சாப்பாட்டு மேசை மேல் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். திருகாணிகளுக்கு நடுவில் டப்பாவை வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "சாப்பிடணும்னா சாப்பிடு, நான் தடுக்க மாட்டேன். ஆனா அது அந்தப் பொண்ணு வாய்ல இருந்து எடுத்தது, அதை மட்டும் நெனச்சுக்கிட்டு முழுங்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பையன் அலமாரியைத் தொறந்தப்பவும் இப்படித்தானே முழிச்ச" என்று சொல்லிவிட்டுத் திருகாணி தேடப் போய்விட்டார். அவ்வளவுதான் உன் அப்பா.

தையல்காரிக்குப் போன் செய்து, வா, நாம் இருவரும் போய் நர்ஸிடம் சொல்லிவிடலாம் என்றேன். "பாசத்துல குடுத்தா புடிச்சுக் குடுக்கப் பாக்கறீங்களே டீச்சர், என்னை வெளிய தள்ளிட்டா என் கதி என்ன?" என்று வெடித்தாள். அவள் பயம் நியாயம்தான், எனக்கும் அதே பயம். ஆனால் பாதி மருந்தில் அவள் நோய் வளர்ந்தால் என்ன செய்வது? எத்தனையோ பேரின் வைத்தியத்தை முடிவு செய்யப்போகிற கணக்கில் நாங்கள் இருவரும் சேர்ந்து பொய் எழுதினால்? உன்னைத் தனியாக அனுப்ப மாட்டேன், பக்கத்திலேயே நிற்பேன் என்றேன். மறுநாள் முறைப்பாகவே வந்தாள், ஆனால் வந்தாள்.

டப்பாவைப் பார்த்ததும் நர்ஸ் போய் டாக்டரம்மாவை அழைத்துவந்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "இவங்க பையன் அழுவறான்னு சொன்னாங்க, எனக்கு மனசு கேக்கல" என்றாள். கேட்டாயா கண்ணா? நீ அங்கே அழுதது இங்கே ஒருத்தியின் மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறது. உன்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை, உன் பாசம் எவ்வளவு தூரம் வந்து சேர்கிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டரம்மா சத்தம் போடவில்லை. வாய்ப்புண்ணை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, முன்பு நடந்த ஆய்வுகளில் டம்மி சாப்பிட்டவர்களுக்கும் வந்திருக்கிறது என்றார். தையல்காரி கொஞ்சம் யோசித்து, "அப்போ நான் சேத்து வச்சதே டம்மியாக்கூட இருக்கலாமா?" என்றாள். இருக்கலாம் என்று நர்ஸ் சொன்னதும், "அடப்பாவமே, வெறும் மாவுக்கா இவ்ளோ திருட்டுத்தனம் பண்ணேன்!" என்று சிரித்தாள் பார், அந்த அறையில் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம், நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

ஆய்வுக் குழுவுக்கு எழுதிக் கேட்டார்கள். அவள் தொடரலாம் என்று நேற்றுத்தான் பதில் வந்தது, ஆனால் நடந்ததைப் பதிவு செய்துவிட்டார்கள், அவளுக்கு ஸ்கேனும் முன்னாலேயே எடுக்கிறார்கள். வியாழக்கிழமை நானும் அவளோடு போகிறேன். அவளுக்கு நல்லபடியாக வர வேண்டும், அதைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. எலும்பில் இருப்பது வளரவில்லை, ஈரலில் ஒன்று கொஞ்சம் சிறுத்திருக்கிறது. எந்த மாத்திரையால் என்று தெரியாது. தெரியாமலே சந்தோஷப்படலாம் என்று கற்றுக்கொண்டிருக்கிறேன். நோய் வளர்ந்தால் அவர்களே நிறுத்திவிட்டு வேறு வைத்தியம் பார்ப்பார்கள், அதை அன்றைக்கே உனக்குச் சொல்லிவிடுவேன், மறைக்க மாட்டேன். அதுவரை நான் ஆய்வில்தான் இருக்கப்போகிறேன். டாக்டரம்மா பயணத்துக்குச் சரி என்றால் பேத்தியைப் பார்க்கக் கட்டாயம் வருவேன், வைத்தியத்துக்காக இல்லை.

நீ தீர்க்காயுசோடு இருக்க வேண்டும், வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்க வேண்டும். மருமகளிடம் மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப் போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல், நான் தள்ளிப் போட்டது போதும். உனக்கும் ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, வயிற்றையும் வாயையும் விட்டுவிட்டு, "இன்னைக்கு என்னம்மா பண்ண?" என்று மட்டும் கேட்டுப் பார்.

என்றும் உன் ஜன்னலோரத்தில் இருக்கும்
அம்மா