கானலார் கிணறு

4-5-1987, திங்கள்

கத்திரி ஆரம்பம். நான் டைப் சொல்லித்தருகிற காலை பேட்சுக்கு மூன்றே பேர், டைப்ரைட்டர்கள் ஒன்பது. ஏகாம்பரம் சார் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததை இன்று சொல்லிவிட்டார். ஜூன் வரைக்கும்தான் இன்ஸ்டிட்யூட். அப்புறம் மெஷின்களைக் கொடுத்துவிட்டுச் செங்கல்பட்டில் மகன் வீட்டுக்குப் போகிறார். "நீ பி.ஏ. படிச்ச பொண்ணு மார்த்தா, உனுக்கு இன்னாம்மா?" என்றார்.

எனக்கு என்னவா? எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து எட்டு வருஷம். புதுப்பித்துப் புதுப்பித்து அட்டையே கிழிந்துவிட்டது. வயது இருபத்தொன்பது. ஜூலையிலிருந்து அம்மாவோடு சூளைக்குக் கல் தூக்கப் போகலாம். வரலாறு படித்தவள் தூக்கினால் கல் கனம் குறையுமா?

6-5-1987

நம்ப முடியவில்லை. ராஜாராமிடமிருந்து கடிதம். காலேஜில் எனக்கு இரண்டு வருஷம் சீனியர், காஞ்சிபுரத்துக்காரர். மெட்ராஸில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறாராம். வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடியோ கேம் செய்து அனுப்புகிறார்கள். டி.வி. பெட்டியில் படம் வரும், அடியில் நாலு வரி வரும். ஆடுகிறவன் 'வடக்கே போ', 'வாளை எடு' என்று டைப் அடித்தால் மெஷின் பதில் சொல்லும். டைப் அடித்தே சண்டை போடலாம் என்றால் எங்கள் காலை பேட்ச் மூன்று பேருமே தளபதிகள்தான்!

கதை பழைய ராஜா காலத்தில் நடக்கிறது. நாலு நாடு. மூன்றாவது நாடு பாலைவனம். அங்கே வாழ்கிற ஒரு கூட்டத்துக்குப் பேர், சட்டம், சடங்கு, விருந்தாளியை எப்படி வரவேற்பார்கள், தப்பு செய்தால் என்ன செய்வார்கள் — எல்லாம் எழுதித் தர வேண்டும். நான் தமிழில் எழுதினால் அவர் இங்கிலீஷில் போட்டுக்கொள்வார். காலேஜ் மலரில் நான் எழுதியதை ஞாபகம் வைத்திருக்கிறார். முதலாளிக்குப் பிடித்தால் ஜூலையில் எனக்கு அங்கே வேலை. நாற்காலி, மேஜை, மெட்ராஸ்.

கர்த்தரே, இது ஒன்றைக் கொடுத்துவிடும். வேறு எதுவும் கேட்க மாட்டேன். (போன வருஷமும் இப்படித்தான் சொன்னேன்.)

7-5-1987

தண்ணீருக்கு இன்றும் ஒன்றரை மணி நேரம். காலனிக் கிணற்றில் சேறுதான் இருக்கிறது. முத்துகிருஷ்ணன் கொல்லையில் பயிருக்கு இறைக்கிற மோட்டார் கிணறுதான் கதி. அவர் வீட்டுச் செல்லம்மாள் அம்மா வர நேரமாகிவிட்டது. இன்ஸ்டிட்யூட்டுக்கு லேட்.

10-5-1987, ஞாயிறு

கோயில் முடிந்து செய்யாற்றுக்குப் போனேன், பாலைவனம் பார்க்க. பாலைவனத்தை நான் எங்கே கண்டேன்? ஆற்று மணல்தான் எனக்குத் தெரிந்த பாலைவனம். காலில் செருப்பு இருந்தும் நிற்க முடியவில்லை.

பேர் வைத்துவிட்டேன்: கானலார். வயதை வருஷத்தில் சொல்ல மாட்டார்கள், எத்தனை கிணறு தோண்டினோம் என்று சொல்வார்கள். "எனக்கு ஏழு கிணறு" என்றால் பெரிய மனுஷன். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால், இருவரின் கயிற்றையும் பாதியாக வெட்டி ஒன்றாக முடிந்துவிடுவார்கள். சேர்ந்து வந்தால்தான் இறைக்கலாம். ராஜி ஆகிற வரைக்கும் அப்படித்தான். இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

வழிப்போக்கன் வருவதை எழுதும்போது கண் கலங்கிவிட்டது. தாகத்தோடு வருகிறவன் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி நிற்பான். எதுவும் கேட்க வேண்டாம், கையைக் குவித்தால் போதும். கானலார் வீட்டுப் பெண் குடத்தோடு வந்து, உயரத் தூக்கி, அவன் கை நிறைய ஊற்றுவாள். எவ்வளவு அன்பான ஜனங்கள்!

அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி எய்திக்கினு கீற?" பாலைவனம், ஒட்டகம் என்றேன். "அது தின்றதுக்கு இன்னா போடுவாங்க?" இதுவரை யோசிக்கவேயில்லை. அம்மாதான் இந்தக் கம்பெனியில் சேர வேண்டியவள்.

22-5-1987

பதினான்கு பக்கம். தபாலில் சேர்த்துவிட்டேன். மெஷினின் மூளையில் என் கூட்டத்துக்கு ஒதுக்கியிருப்பது நாலாயிரம் எழுத்துதானாம். ஒரு ஜனமே நாலாயிரம் எழுத்துக்குள் அடங்க வேண்டும்.

28-5-1987

பதில் இல்லை.

2-6-1987, செவ்வாய்

பதில் வந்தது. முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அப்புறம் ராஜாராம் எழுதியிருப்பதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்:

"ஒரு சந்தேகம். மெஷினில் போட்டு ஆடிப் பார்த்தவர்கள் எல்லாரும், கை குவிக்கத் தோன்றாமல், கிணற்றுக்குப் பக்கத்தில் வந்தும் தாகத்தில் செத்துப்போகிறார்கள். அவனே ஏன் இறைத்துக் குடிக்கக் கூடாது என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை. பத்தடி தள்ளி நிற்பான் என்று மட்டும் இருக்கிறது. கயிறு இருக்கிறது, வாளி இருக்கிறது, கை இருக்கிறது. ஏன் நிற்கிறான்?"

மூன்று முறை படித்தேன்.

ஏன் நிற்கிறான். ஏன்டி நிக்கிறான் மார்த்தா? நீ நிக்கிற, அதான். அம்மா நிக்கிறா. செல்லம்மா வர்ற வரைக்கும் குடத்த வெச்சிக்கினு வரப்புக்குக் கீழ நிக்கிறோம், அவங்க மொண்டு நம்ம குடத்துல மேலேர்ந்து ஊத்தறாங்க, நாம கெணத்தத் தொடறதில்ல. நான் பொறந்ததுலேர்ந்து அப்டித்தான். எனக்கே எனக்குன்னு ஒரு நாடு குடுத்தாங்க, அதுலயும் கொண்டுபோயி எல்லாரையும் பத்தடி தள்ளி நிக்க வெச்சிருக்கேன். அத அன்புன்னு வேற எய்தியிருக்கேன். அயுதுகிட்டே எய்தினேனே!

படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று?

இன்னும் இருக்கிறது. முதலாளிக்குப் பிடித்ததே அந்த இடம்தானாம். "இந்த மாதிரி வழக்கம் யாரும் பார்த்திராதது. இதைச் சட்டமாக்கிவிடுங்கள். கிணற்றைத் தொட்ட அந்நியனுக்கு என்ன தண்டனை என்று பயங்கரமாக ஒன்று எழுதி அனுப்புங்கள். ஜூன் 25க்குள். அது நன்றாக அமைந்தால் வேலை உங்களுக்குத்தான்."

3-6-1987

மாட்டேன்.

7-6-1987, ஞாயிறு

வேறு மாதிரி எழுதி அனுப்பிவிட்டேன். கானலார் கிணற்றில் யார் வேண்டுமானாலும் இறைக்கலாம், தடுக்கிறவனுக்குத்தான் தண்டனை. காரணம் எதுவும் எழுதவில்லை. எழுதினால் நான் எந்தத் தெரு என்று தெரிந்துவிடுமே. ராஜாராமுக்குத் தெரியுமா? காலேஜில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

13-6-1987, சனி

ராஜாராமின் பதில்: "புதிதாக எழுதியதில் ருசி இல்லை என்கிறார் முதலாளி. எல்லாரும் இறைத்துக் குடிக்கலாம் என்றால் அதில் ஆட்டம் எங்கே? உங்களுக்குச் சிரமமாக இருந்தால் வேறு ஒருவர் எழுதத் தயாராக இருக்கிறார். 25ந் தேதி கடைசி. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள இங்கே என்ன மிச்சம் இருக்கிறது. இன்று ஏகாம்பரம் சார் இரண்டு மெஷின்களை அனுப்பிவிட்டார். அவை இருந்த இடத்தில் மேஜையில் சதுரமாகத் தூசி இல்லாமல் இருக்கிறது.

16-6-1987, செவ்வாய்

அம்மா கிணற்றைத் தொட்டுவிட்டாள்.

செல்லம்மாள் அம்மா மகள் வீட்டுக்குப் பழையசீவரம் போயிருந்தார்கள். யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து வேறு யாரும் ஊற்ற வரவில்லை. ஏழு பெண்கள் விடிந்ததிலிருந்து நின்றிருக்கிறார்கள். பவளத்தின் குழந்தைக்கு இரண்டு நாளாகப் பேதி. வெயில் ஏறியதும் அம்மா போய் வாளியைத் தூக்கியிருக்கிறாள். ஏழு குடத்துக்கும் அவள்தான் இறைத்து ஊற்றியிருக்கிறாள். மோட்டார் பார்க்கிற கன்னியப்பன் பார்த்துவிட்டான்.

"ஏம்மா இப்டி பண்ணே?" என்றேன். "கொயந்த நாக்கு ஒட்டிக்கினு கீது. நீ வந்து ஊத்துவியா?" என்றாள்.

17-6-1987

தண்ணீர் கிடையாது. கிணற்றை இறைத்துக் கொட்டிச் சுண்ணாம்பு போடுகிறார்கள். இவ்வளவு பஞ்சத்தில் அவ்வளவு தண்ணீர் மண்ணில் ஓடுகிறது. தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம். குழந்தைகள் அந்தச் சேற்றை நோக்கி ஓடின, பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம்.

போலீசுக்குப் போகலாம், சட்டம் இருக்கிறது என்றான் எதிர்வீட்டு எல்லப்பன். நான் எழுதித் தருகிறேன், டைப் அடித்தே தருகிறேன் என்றேன். பெரியவர்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "சட்டம் வந்து நாளைக்கு தண்ணி ஊத்துமா?" என்றார் கிருஷ்ணசாமி மாமா. பவளத்தின் குழந்தை அழக்கூட இல்லை.

19-6-1987, வெள்ளி

அம்மா ஒத்துக்கொண்டாள்.

எழுதாமல் விட்டால் இது என் மண்டையைத் தின்றுவிடும். எழுதுகிறேன். திரும்பத் தண்ணீர் வேண்டுமென்றால் இதுதான் என்று ஊர்த்தெருவில் முடிவு: வெற்றுக் குடத்தைத் தலையில் வைத்து, கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, விடிந்ததிலிருந்து உச்சி வெயில் வரை நிற்க வேண்டும். நின்றாள். கையால் குடத்தைப் பிடிக்கக் கூடாது. பிடிக்கவில்லை. அப்புறம் முத்துகிருஷ்ணன் காலில் குப்புற விழுந்து, "இனிமே தொட மாட்டேன்" என்று மூன்று முறை. சொன்னாள். மூன்றாவது முறை தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. வாய் அசைந்ததைப் பார்த்துவிட்டுப் போதும் என்றார்கள். அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை, மோட்டார் ரூம் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

செல்லம்மாள் அம்மா இன்று காலைதான் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். முதல் குடம் அம்மாவுக்குத்தான் ஊற்றினார்கள். ஊற்றும்போது அவர்கள் அழுதார்கள். அழுதுகொண்டேதான் ஊற்றினார்கள், உயரத்திலிருந்து.

நான் இன்னா பண்ணேன்? வரப்புல நின்னேன். பத்தடி தள்ளி.

21-6-1987, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ராஜாராமின் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசும். எந்த இடம் அவர்களுக்குப் பிடித்தது, என்ன கேட்கிறார்கள், எல்லாம். கத்துவாள் என்று நினைத்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"வெள்ளக்காரன் வெளாடறதுக்கா?"

"ஆமா."

"நான் வுயுந்தது வுயுந்தாச்சு, எய்ந்தாச்சு. அது சும்மா பூடணுமா? எய்தி குட்த்துட்டு நீயாச்சும் வெளிய போ."

"அம்மா, அது உன்ன —"

"போடி. சூளைல வந்து கல்லு தூக்கிக்கினு என்னப் பாத்து அயுவியா தெனம்? அத்த விட இது மேலு."

22-6-1987

ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. வெற்றுக் குடம். உச்சி வெயில். கை படக்கூடாது. குப்புற விழுந்து மூன்று முறை. தலைவன் அவனைப் பார்க்க மாட்டான், வேறு பக்கம் பார்ப்பான் என்பதையும் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. இவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதினதில்லை. சீ.

23-6-1987

தபால் பெட்டியில் போட்டேன். கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தேன். வாய் சின்னது.

8-7-1987, புதன்

வேலை கிடைத்துவிட்டது. அம்மா தெருவில் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாள். பவளத்தின் குழந்தை பிழைத்துக்கொண்டது, அதன் வாயிலும் ஒரு சிட்டிகை வைத்தாள்.

19-7-1987, மெட்ராஸ்

ஹாஸ்டலில் குழாய். நானே திறந்தேன். மூடினேன். திரும்பத் திறந்தேன். பின்னால் நின்ற பெண் திட்டினாள்.

6-9-1987

அம்மாவை இங்கே வந்து இருக்கச் சொல்லி எழுதியிருந்தேன். எல்லப்பன் கையெழுத்தில் பதில். வர மாட்டாளாம். இன்னும் மழை இல்லை. செல்லம்மாள் அம்மா நேரத்துக்கு வந்துவிடுகிறார்களாம், முன்போல நிற்க வேண்டியதில்லையாம்.

20-11-1987, வெள்ளி

லண்டனிலிருந்து கேம் அச்சான பெட்டியில் வந்து சேர்ந்தது. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு மேஜையில் வைத்தார். நல்ல வழவழப்பான அட்டை. நாலு நாடு இருந்தும் அட்டையில் கானலார்தான். மணல். கிணறு. சிவப்புத் துணி போர்த்த ஒருத்தி குடத்தை உயரத் தூக்கி ஊற்றுகிறாள். கீழே ஒருவன் மண்டியிட்டுக் கை குவித்திருக்கிறான். ஓரமாக, சின்னதாக, தலையில் குடத்தோடு நிற்கிற ஒரு உருவம். ஆணா பெண்ணா தெரியவில்லை. முகம் வரையவில்லை.

அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்றில் மூன்றாவது நாட்டைத்தான் புகழ்ந்திருக்கிறார்களாம். ராஜாராம் வாசித்தார், எல்லாரும் கைதட்டினார்கள். முதலாளி என் பக்கம் திரும்பி, "எங்கேம்மா பிடிச்சீங்க இந்த ஐடியாவை? எந்தப் புஸ்தகத்துல?" என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ராஜாராமும்.

கற்பனைதான் சார், என்றேன்.