அழித்த அறுபத்தெட்டு

மாஸ்டர், இந்தக் கட்டுரைக்கு இன்றைக்கு எத்தனை புள்ளி போடுவேன்? எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை உங்கள் மனைவி இதைக் கொண்டுவந்தார். உங்கள் காரியம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. நான்கு தாள், பிரித்ததுமே மண்ணெண்ணெய் வாசனை. முதல் தாளின் தலையில் சிவப்பு மையில் நான் போட்ட பூஜ்யம். "திருத்தி முடியலன்னு சொல்லி டீச்சர்கிட்ட குடுத்துருன்னு அவுங்க சொல்லியிருந்தாங்க" என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அட்டனில் அந்தத் துணிக்கடை மாடி நினைவிருக்கிறது. வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்க வந்த தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் ஆறு பேர். அவர்களில் என் வயதுக்காரர் நீங்கள் ஒருவர்தான். முதல் ஞாயிறு, வணக்கம்கூடச் சொல்லாமல் கரும்பலகையில் எழுதினேன். ஒன்பது மணிக்குக் கதவு சாத்தப்படும். பிந்தி வரும் கட்டுரைக்குப் பூஜ்யம். வருடச் சராசரி நாற்பதுக்குக் குறைந்தால் பரீட்சை விண்ணப்பத்தில் என் கையெழுத்து இல்லை. காரணம் கேட்கப்படாது, சொல்லவும் வேண்டாம்.

"வகுப்புன்னு சொன்னாங்க, இங்க பெரட்டுல்ல நடக்குது!" என்றீர்கள் பின்வரிசை வாங்கிலிருந்து. எல்லோரும் சிரித்தார்கள். விடியக்காலையில் கண்டாக்கு என்ற மேற்பார்வையாளர் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். நான் சிரிக்கவில்லை.

"பெரட்டுக்குப் பிந்தினால் என்ன செய்வார்கள்?"

"வெரட்டிருவாங்க டீச்சர். கண்டாக்குக்கு மனசிருந்தா அரைப்பேரு போடுவாரு, பாதி நாள் வேல செஞ்சதா."

"இங்கே அரைப்பேர் கிடையாது" என்றேன்.

கடைசிக் கட்டுரை கொடுக்க வேண்டிய ஞாயிறு, ஒன்பதேகாலுக்குத் தட்டினீர்கள். பன்னிரண்டுக்குக் கதவைத் திறந்தபோது படியில் உட்கார்ந்திருந்தீர்கள். கோட்டு நனைந்திருந்தது, தாள்களை மட்டும் நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்தீர்கள். உங்களைக் கொண்டுபோன இருமல் அப்போதே இருந்தது. விண்ணப்பம் அனுப்ப மறுநாள் கடைசி. பட்டம் கிடைத்தால் டவுன் பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் ஐந்து வகுப்பும் ஒன்றாய் இரையும் அதே தகரக் கொட்டகை.

"அரைப்பேராவது போடுங்க டீச்சர்."

"இப்படிப் பரிதாபம் காட்டித்தான் தோட்டத்தில் எல்லாரும் பிழைக்கிறீர்கள்" என்றேன். மற்ற ஐவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

நீங்கள் சட்டைக்குள்ளிருந்து தாள்களை எடுத்து நீட்டினீர்கள். காரணம் சொல்லக் கூடாது என்ற விதியை மட்டும் காப்பாற்றினீர்கள்.

வீட்டில் கட்டுரையைப் படித்து, வழக்கப்படி முதலில் பென்சிலால் அழுத்தி எழுதினேன்: அறுபத்தெட்டு. அந்த வருடம் நான் யாருக்கும் கொடுக்காத புள்ளி. அதைச் சேர்த்தால் நாற்பதைத் தாண்டிவிடுவீர்கள். ரப்பரால் அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். உங்கள் விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் என் மேசையிலேயே கிடந்தது. அடுத்த பரீட்சைக்கு முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள்.

சனிக்கிழமை வாசலில் நின்றபடியே உங்கள் மனைவி சொன்னார்: "அவுங்க பிந்தி வந்த அன்னிக்கு எங்க லயத்து வீடுகள்ல ஒரு சாவுங்க. நாலு தோட்டத்துக்கும் துண்டு எழுதிக் குடுத்துத்தான் சாவு சொல்ல ஆள் அனுப்புவாங்க. எழுத அவுங்கள விட்டா யாரு?"

முன்பே தெரிந்திருந்தாலும் பூஜ்யம்தான் போட்டிருப்பேன். உங்களிடம் இதை மறைத்துப் பயனில்லை. என்னைப் படிப்பித்தவர்களும் எனக்கு இப்படித்தான் செய்தார்கள் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். ஐம்பதை நெருங்கும்போது அதுவும் ஒரு காரணமாகவே படுகிறது; நான்தான் காரணம் கேட்பதில்லையே.

அவர் போன பிறகுதான் கவனித்தேன். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பென்சில் கரியை லேசாகத் தேய்த்திருந்தீர்கள். கருப்புக்கு நடுவே என் எழுத்து வெள்ளையாக எழுந்து நின்றது: அறுபத்தெட்டு. தெரிந்துகொண்டுதான் அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல், ஒன்பதுக்கு முன்பே வந்து, பின் வாங்கில் உட்கார்ந்தீர்கள்.

மறுநாள் ஞாயிறு. ஒன்பதுக்குக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில், டிக்கோயாவிலிருந்து வரும் ஆசிரியை தட்டினார். பாடத்தை நிறுத்தவில்லை. பன்னிரண்டுக்குத் திறந்தபோது ஆளில்லை. படியில் ஈரமான கட்டுரை மட்டும் கிடந்தது. மாலையில் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார். சிவப்பு மையால் பூஜ்யம் போட்டேன். இம்முறை பென்சிலால் எதுவும் எழுதவில்லை.