பெண் இயக்குநர் முன்மொழிந்த தீர்மானம்

ஜனவரி 9

அடியே ஊசி,

நலமா? வாதம் வந்து படுத்த உன் வீட்டுக்காரர் எழுந்து நடக்கிறாரா?

இயக்குநர் குழுவில் பெண் ஒருத்தி இருந்தாக வேண்டுமென்று சட்டம் வந்ததும் உங்கள் கம்பெனி என்னைப் பிடித்துப் போட்டதே, கூத்தைக் கேள். ஒன்பது ஆண்கள், நான் ஒருத்தி. டீ வந்தால் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், ஊற்றிக் கொடுப்பேன் என்று! கல்லூரியில் சரித்திரம் நடத்தியவளுக்குக் கணக்கு என்ன புரியும்? விற்பனை ஏறவில்லை, லாபம் மட்டும் எப்படியடி ஏறுகிறது? வரிப் பிரிவில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறாய். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் பூசணி

ஜனவரி 20

மாண்புமிகு பூசணி,

அலுவலக மின்னஞ்சலை மேலே படிக்கிறார்கள். அதனால் தபால்தான். அவர் சுவரைப் பிடித்து நடக்கிறார். வாடகை, மருந்து எல்லாம் என் சம்பளத்தில்தான்.

நம் கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் ஏதோ ஒரு தீவிலுள்ள கம்பெனிக்கு விற்றிருக்கிறார்கள். அதுவும் நம்முடையதே. அங்கே ஆள் கிடையாது, ஒரு பூட்டிய அறையும் பெயர்ப்பலகையும்தான். சொந்தப் பெயருக்கு நாமே வருஷாவருஷம் அங்கே வாடகை கட்டுகிறோம். இங்கே லாபம் குறைவதால் வரி குறைகிறது. அங்கே வரியே இல்லை. இரண்டு கம்பெனி லாபத்தையும் கூட்டிக் காட்டினால் ஆகா ஓகோ என்றிருக்கும். சட்டப்படி சரி என்கிறார்கள். ஆனால் தாளில் இருப்பது என் கையெழுத்து.

நீ கேள். கேட்க வேண்டியதுதான். என் பெயர் மட்டும் உன் வாயில் வரக் கூடாது. வந்தால் நடுத்தெருதான்.

ஊசி

மார்ச் 14

என் தங்கமே,

கேட்டுவிட்டேன்! தலைவர் கோபப்படவே இல்லை. "அம்மா, இவ்வளவு தெளிவா யாரும் கேட்டதில்லை. யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றார். சத்தியமாக உன் பெயரைச் சொல்லவில்லை. "உங்க வரிப் பிரிவுலயே ஒரு கெட்டிக்காரி இருக்கா, நீங்கதான் கண்டுக்கல" என்று மட்டும் சொன்னேன். பதவி உயர்வு வந்தால் எனக்கு விருந்து வை.

நேற்றைய கூட்டத்தில் பதிலும் வந்தது. வரி வேலையை வெளி ஆலோசகர்களிடம் ஒப்படைத்தால் ஒளிவுமறைவு இருக்காதாம். "நீங்க எழுப்பின கேள்வி, நீங்களே முன்மொழியுங்க" என்றார். இங்கே ஒரு பெண் முன்மொழிந்த முதல் தீர்மானமாம். கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டதடி.

உன் பூசணி

ஜூன் 2

பூசணிக்கு,

மூன்று மாதமாக எழுதாததற்குக் காரணம் கோபம். இன்னும் தீரவில்லை.

வரிப் பிரிவில் இருந்தது நானும் தட்டச்சுப் பெண்ணும்தான். நீ சொன்ன கெட்டிக்காரி யாரென்று கண்டுபிடிக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? உன் தீர்மானத்தின் நகலை என் மேஜையில் வைத்து, அன்று மாலையே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். தீவுக் கம்பெனி அப்படியே இருக்கிறது. புதிதாக வந்த ஆலோசகர்தான் தொடக்கத்தில் அதை அமைத்துக் கொடுத்தவர். கை தூக்குமுன் என்னிடம் ஒரு வரி கேட்டிருக்கலாமே! கெடுதல் நினைத்துச் செய்யவில்லை, தெரியும். தெரிந்து என்ன செய்ய?

நான் வைத்திருக்கும் பத்துப் பங்குக்கு நேற்று ஆண்டறிக்கை வந்தது. லாபம் பன்னிரண்டு சதவீதம் கூடுதல். மூன்றாம் பக்கத்தில் உன் படம், "பெண் இயக்குநரின் முயற்சியால் வெளிப்படைத்தன்மை" என்று. எனக்கு வேலை போனது ஆட்குறைப்பில் என்றுதான் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம பூசணிதானே இது? அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லேன், உனக்கு அங்கயே திரும்ப வேலை போட்டுக் குடுப்பாங்க" என்றார்.

சரி என்றேன். இனி எழுதாதே.

ஊசி