உப்பேறிய பாவு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு உன் பெரியப்பா கைலாசம் எழுதுவது. ஏகாம்பரநாதர் தயவில் இங்கே நானும் உன் பெரியம்மா கலைவாணியும் வீட்டிலிருக்கிற இரண்டு தறிகளும் சுகம். அங்கே தொண்டியில் நீயும் கிரேஸும் கடலும் சுகந்தானா என்று எழுது. போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே சரி பெரியப்பா அப்புறம் பேசுறேன் பெரியப்பா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை வைத்தாலும் திரும்ப எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும். எட்டாவது படித்தவன் எழுதுகிற கடிதம்தானே என்று எண்ணாதே, அந்தக் காலத்து எட்டாவது இந்தக் காலத்துக் காலேஜுக்குச் சமம் என்று எங்கள் வாத்தியாரே சொல்லியிருக்கிறார், அதுவும் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய கம்பெனி ஆட்கள் நேற்று வந்தார்கள். காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடப் போவதும் இல்லை. கோபப்படாமல் மேலே படி. கடல்பாசிப் பண்ணையை விற்க வேண்டுமென்றால் நீ, கிரேஸின் மகளிர் குழு, நான் என்று பங்குக்காரர் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்தது நீதான். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது முழுக்க என் காதில் நிற்கிறது. சித்திரையில கடல் சூடாகி பாசியெல்லாம் வெளுத்துப்போச்சு பெரியப்பா, சூடு ஏறினா பாசியோட தானா ஆழத்துக்கு இறங்குற மிதவைன்னு செஞ்சு விட்டேன், அது இறங்கிச்சு, ஆனா ஏறவே இல்ல, எனக்குக் கை ஓஞ்சிடுச்சு, வாங்கிக்கிறேன்னு ஒரு கம்பெனி வருது, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்ங்குறாங்க, நீங்க போட்டுட்டீங்கன்னா கிரேஸ் அக்காவும் போட்டுடுவாங்க என்றாய். சரிம்மா என்று நானும் சொன்னேன். உன் குரல் அப்படி இருந்தது, அதனால் சொன்னேன். ஆனால் சரி என்பது வேறு, பேனாவை எடுப்பது வேறு.

நேற்று நடந்ததை எழுதுகிறேன், நீ நேரில் பார்த்திருந்தால் களைப்பெல்லாம் ஓடிப்போயிருக்கும். போன மாதம் ஒரு மூட்டை காய்ந்த பாசி அனுப்பினாயே, அதைக் கொதிக்க வைத்தால் கூழாகும் என்று கிரேஸ் போனில் சொன்னாள் அல்லவா. கூழ் என்றால் கஞ்சி, கஞ்சி என்றால் பாவுக்குப் போடலாம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெருவில் நூல் நூலாக நீட்டிக் கட்டுகிற பட்டுப் பாவுக்கு இத்தனை காலமாக அரிசிக் கஞ்சியைத்தானே போட்டுக்கொண்டிருக்கிறோம், இனி கடல் கஞ்சி போடுவோம், காஞ்சிபுரம் முழுக்க உன் பாசியை வாங்கும், உனக்கு வேறு எவனுடைய முதலீடும் வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். இந்த யோசனை உலகத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டேன். உன் பெரியம்மா மட்டும், நல்லா அலசிட்டுப் போடுய்யா என்றாள். கடலிலேயே பிறந்து கடலிலேயே குளித்துக்கொண்டிருந்த பொருளை எதற்கு அலசுவது என்று கேட்டேன். இப்போதும் சொல்கிறேன், கேள்வி சரியான கேள்வி.

விடிந்ததும் பாவை நீட்டினேன். ஆவணி முகூர்த்தத்துக்கென்று எடுத்த அரக்கு நிறக் கல்யாணப் பாவு, நெசவாளர் சங்கத்துப் பட்டு இல்லை, என் சொந்தப் பட்டு, அதனால் உன் பெரியம்மாவைத் தவிர யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கடல் கஞ்சியைத் தடவினேன். வெயில் ஏறியது, பாவு காயவில்லை. இன்னும் ஏறியது, இன்னும் பிசுபிசுத்தது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது, இழைக்கு இழை ஒட்டிக்கொண்டு இடியாப்பம்போல் தொங்குகிறது. எதிர்வீட்டு வேலாயுதம், நானும் அவனும் முப்பது வருஷமாக ஒருவரை ஒருவர் மட்டம் தட்டிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும், வெளியே வந்து நின்று, என்னா கைலாசம் பாவுக்கு மீன் குழம்பு ஊத்திக்கினு இருக்கிறியா என்றான். தெருவே சிரித்தது, தெருவென்ன, அந்தச் சத்தம் செவிலிமேடு வரைக்கும் போயிருக்கும். அவன் சிரித்து முடிப்பதற்குள் அவன் வீட்டு ஆடுகளே வந்து உப்பு ருசி கண்டு கல்யாணப் பாவை ஓர் ஓரத்திலிருந்து நக்க ஆரம்பித்துவிட்டன. நான் ஒரு பக்கம் ஆட்டை விரட்டுகிறேன், அவன் ஒரு பக்கம் விரட்டுகிறான், சரியாக அந்த நேரத்தில்தான் உன் ஆட்களுடைய வெள்ளைக் கார் வந்து நின்றது.

வந்தவர்களில் பெரியவர் பெயர் பிரேம்நாத். மரியாதையான பேச்சுத்தான், அதைக் குறை சொல்லமாட்டேன். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. என்ன சார் இது என்று கேட்டார், நானும் மறைக்காமல் எங்கள் பெண்ணுடைய கடல்பாசி என்றேன். அவர் பாவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு சிரித்தார். அங்கயும் ஃபெயில் இங்கயும் ஃபெயிலா சார், அதுக்குத்தான் நாங்க வந்திருக்கோம், பேப்பரைக் கொண்டாந்திருக்கோம் என்றார். அப்போது பதில் சொன்னது நான் இல்லை என்பதை உண்மைக்காக எழுதுகிறேன், நான் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வேலாயுதம் முந்திக்கொண்டான். எங்க தெருப் பாவைப் பார்த்து நாங்க சிரிப்போம், நீ யாருப்பா சிரிக்கிறதுக்கு என்றான். பாவு போச்சுன்னா அறுத்துப் போட்டுட்டு அடுத்த பாவை ஏத்துவோம், தறியை விக்கணும்னு இந்தத் தெருவுல எவன் உனக்குச் சொன்னான் என்றும் கேட்டான். என் வாயில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டான், திருட்டுப் பயல். மத்தியானம் அவனுக்கு இரண்டு வாங்கிக் கொடுத்தேன், காபியைச் சொல்கிறேன்.

உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்துப் பேசினோம். ப்ளூ எகானமி என்று பிரேம்நாத் விளக்க ஆரம்பித்தார், கடலை நம்பித்தான் இனி உலகம், வெப்பம் கூடக் கூடக் கடலில் புதுசு புதுசாக முதல் போட்டால்தான் கரையோரத்து ஜனங்கள் தாக்குப்பிடிக்க முடியும் என்றார். அதுவரைக்கும் எல்லாம் நியாயம், நீயும் அதைத்தான் சொல்வாய். நீலம் சரிங்க, சாயம் நிற்குமா என்று கேட்டேன், அசந்துபோய்விட்டார். அப்புறம் நான் கேட்க நினைத்திருந்த கேள்வியை உன் பெரியம்மா கேட்டுவிட்டாள். நீங்க வாங்கின பின்னால, மறுபடி கடல் கொதிச்சுப் பாசி வெளுத்துச்சுன்னா, அந்தப் பொம்பளைங்களுக்கு என்னாங்க என்றாள். வேலை நடக்கிற நாளுக்குக் கூலி உண்டும்மா, வேலை இல்லாத நாளுக்கு எந்தக் கம்பெனி தரும் என்றார். அப்ப இப்ப இருக்குற பங்கு என்று கேட்டாள். பங்கெல்லாம் எங்களுக்கு வந்துடும்மா, மிதவையோட டிசைனும் எங்களுக்கு வந்துடும் என்றார். பெரியம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு நான் பேனாவைத் தொட்டிருந்தால் எனக்கு ராத்திரிச் சோறு யார் போடுவது.

யோசித்துப் பார் கண்ணு. கடல் கொதிக்கிற நஷ்டம் கிரேஸுக்கும் அவள் கூட இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிறு கட்டுகிறவர்களுக்கும், கடல் குளிர்கிற லாபம் சுருக்கமில்லாத சட்டைக்கு என்றால், இதற்காகவா செவிலிமேட்டு மனையை விற்றுப் பண்ணைக்குப் பணம் போட்டோம். உன் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த மனையைக் கடலில் போட்டான் கைலாசம் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். அந்த இடத்தில் யாரோ கிளிப்பச்சை வண்ணத்தில் மாடி வீடு கட்டிவிட்டார்கள். டவுன் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, நன்றாகவே பார்க்கிறேன், மாடி கொஞ்சம் கோணல். உன் அப்பா, என் தம்பி, போய்ச்சேர்ந்த பிறகு நீ எங்கள் வீட்டுக்கு வந்து, தறிக் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்த பெண். நீதானே பாடம் எடுத்தாய், கடல் சூடானா மழை கால நேரமில்லாம வரும் பெரியப்பா, உங்க பாவு தெருவுல நனையும் என்று. இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை பாவை அவசர அவசரமாகச் சுருட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன் தெரியுமா. நெசவாளிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்கிறேன், கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், கேட்கிறவர்கள் கண்கலங்கிவிடுவார்கள்.

மிதவை இறங்கியது, ஏறவில்லை என்கிறாய். இறங்கியதே, அது பாதி வேலை இல்லையா. தறியில் ஒரு மிதியை மிதித்தால் ஒரு விழுது பாதி நூலை இழுத்துக்கொண்டு இறங்கும், இன்னொரு விழுது ஏறும், அதுபோல இரண்டு மிதவைகளை ஒரே கயிற்றில் கோத்துக் கப்பி வைத்துப் பார். இதற்கு என் பெயரை வைக்க வேண்டியதில்லை, வைத்தாலும் நான் தடுக்கப்போவதில்லை. இரண்டுமே இறங்க வேண்டிய சூட்டில் எது ஏறும் என்று பெரியம்மா கேட்கிறாள். அதை நீ பார்த்துக்கொள், எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டால் நீ படித்த படிப்பு எதற்கு. முதல் தேடுவதானால் தேடு, வேண்டாம் என்று சொல்லவில்லை, கிரேஸுடைய பங்கில் கை வைக்காமல் முதல் போடுகிறவன் வந்தால் அவனுக்குக் காஞ்சிபுரத்தில் என் செலவில் விருந்து. கம்பெனிக்காரரிடம் நீ சரி என்று சொல்லிவிட்டது உனக்குச் சங்கடமாக இருந்தால் பழியை என் மேல் போடு. கிழவன் மசியமாட்டேங்குறான் என்று சொல், நான் மசியமாட்டேன் என்பது ஊரறிந்த சங்கதி.

கடல் கஞ்சி சங்கதி முடிந்துபோய்விட்டது என்று நினைக்காதே. நேற்று சாயங்காலம் மிச்சமிருந்த பாசியைப் பல தண்ணீர் விட்டு அலசி, ஊற வைத்து, மறுபடி அலசி (உன் பெரியம்மா சொன்னதற்காக இல்லை, என் இஷ்டத்துக்கு) காய்ச்சி இன்று காலை கொஞ்சம் பருத்தி நூலில் போட்டுப் பார்த்தேன். காய்ந்தது, நன்றாக நிற்கிறது. பட்டில் இன்னும் பார்க்க வேண்டும், பட்டு சொன்னபடி கேட்காது. வேலாயுதமும் வந்து நூலை நெருடிப் பார்த்தான், ஒரு முழம் அறுத்து மடியில் செருகிக்கொண்டு போய்விட்டான், அவனிடமிருந்து வரக்கூடிய பாராட்டு அவ்வளவுதான். இன்னும் ஒரு மூட்டை அனுப்பு, அவனுக்கும் சேர்த்து.

கெட்டுப்போன அந்தக் கல்யாணப் பாவை நான் எறியவில்லை. ஆடு நக்கிய பக்கத்தை வெட்டிவிட்டு மீதியை நானும் வேலாயுதமும் தெருவில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிக் கயிறாக்கியிருக்கிறோம். இதோடு வருகிற பொட்டலத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் கயிறு அறுந்து கடலில் போகிறது என்று நீ புலம்புவாயே, இது பட்டு, கப்பலையே கட்டி இழுக்கும், கப்பல் இல்லையென்றால் மிதவையைக் கட்டு. எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்து எழுது. அறுந்தால் வெட்கப்படாமல் அதையும் எழுது, தறியில் அடுத்த பாவை ஏற்றியாகிவிட்டது. பொட்டலத்தைச் சுற்றியிருக்கிற காகிதத்தைக் கிழிக்காமல் பிரி, பிரேம்நாத் விட்டுவிட்டுப்போன காகிதம் அது, நல்ல தடிமன். என் பெயருக்குக் கீழே இருக்கிற இடம் காலியாகத்தான் இருக்கிறது. கிரேஸிடம் காட்டு. அதற்குப் பிறகும் விற்க வேண்டும் என்று அவள் சொன்னால், அவள் வாயால் சொன்னால், எனக்குப் போன் பண்ணு, அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம். சொல்லமாட்டாள்.

வெயிலில் நிற்கும்போது தலையில் துணி கட்டிக்கொள். வெறும் வயிற்றோடு கடலில் இறங்காதே. பெரியம்மா பருப்புப் பொடி வைத்திருக்கிறாள், டப்பாவைத் திருப்பி அனுப்பு, அது அவள் அம்மா வீட்டு டப்பா. காமாட்சி உனக்கும் உன்னோடு தண்ணீரில் நிற்கிறவர்களுக்கும் துணையிருப்பாள். வெள்ளிக்கிழமை வரும், போகும், நீ பாட்டுக்கு மிதவையைப் பார். அந்தக் காகிதத்தில் போடாத கையெழுத்தை இங்கே போடுகிறேன்.

உன் பெரியப்பா,
கி. கைலாசம்
(பங்குக்காரர்)